நண்பரின் ஜாவா புராஜெக்டை ஐடிஇ-யில் திறந்தால் இம்போர்ட் வரிகள் எல்லாம் சிவப்பு

புதுநிரலர்

நண்பர் ஒருவர் எழுதிய நூலக மேலாண்மை நிரலை இனி நான் தொடர வேண்டியிருக்கிறது. ஜிப் கோப்பாகத்தான் கைக்கு வந்தது. ஜேடிகே 21 (ஜாவா நிரல்களை உருவாக்கி ஓட்டும் கருவித்தொகுப்பு) நிறுவினேன். இன்டெலிஜே ஐடியா என்ற ஐடிஇ-யின் (நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) இலவசப் பதிப்பை நிறுவி, பிரித்த கோப்புறையைத் திறந்தேன். எஸ்டிகே (புராஜெக்டுக்கான ஜேடிகே) இல்லை என்று மேலே ஒரு பட்டை வந்தது. 21-ஐக் காட்டியதும் போய்விட்டது. ஆனால் வெளி நூலகங்களை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை) சேர்க்கும் இம்போர்ட் வரிகள் ஒன்றுவிடாமல் சிவப்பாக நிற்கின்றன. ஓட்டினால், பேக்கேஜ் இல்லை என்று நூற்றுக்கு மேல் பிழைகள்.

இதுவரை ஒரே கோப்பில் எழுதித்தான் பழகியிருக்கிறேன். இரண்டு மாலைகள் இதிலேயே போய்விட்டன. பிழை நிரலில் இருக்கிறதா, என் கணினியில் இருக்கிறதா என்றுகூடப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வேர்முடிச்சு

முதலில், நிரலில் கை வைக்காதீர்கள். சிவப்பைக் கண்டதும் வரிகளை அழிப்பதும், ஐடிஇ பரிந்துரைக்கும் திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்வதும்தான் நிலைமையை மோசமாக்கும். நண்பரிடம் ஓடிய நிரல் உங்களிடம் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் குறை நிரலைச் சுற்றியுள்ள அமைப்பில்தான் இருக்கும்.

இரண்டு கேள்விகள். பாம்.எக்ஸ்எம்எல் (சுருக்கமாகப் பாம்) அல்லது பில்ட்.கிரேடில் என்ற கோப்பு இருக்கிறதா (நூலகங்களைச் சேர்த்து நிரலைக் கட்டித் தரும் மேவன், கிரேடில் என்ற கருவிகள் படிப்பவை இவை), எந்தக் கோப்புறைக்குள்? நீங்கள் திறந்தது அதே கோப்புறையையா? இன்னொன்று: திறந்தபோது வலது கீழ் மூலையில் மேவன் பற்றி ஓர் அறிவிப்பு வந்ததா?

புதுநிரலர்

பாம் கோப்பு இருக்கிறது. ஜிப்பைப் பிரித்தபோது ஒரே பெயரில் கோப்புறைக்குள் கோப்புறையாக வந்திருக்கிறது. பாம் உள்ளே இருப்பதில் கிடக்கிறது. நான் திறந்தது வெளியே இருப்பதை. அறிவிப்பும் வந்தது. என்னவென்று தெரியாமல் மூடிவிட்டேன்.

வேர்முடிச்சு

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. இப்போது திறந்திருப்பதை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் கோப்புறையை, அதாவது பாம் நேரடியாகக் கண்ணில் படும் கோப்புறையைத் திறங்கள். வெளிக்கோப்புறையில் ஐடிஇ உருவாக்கிய ‘.ஐடியா’ என்ற மறை கோப்புறையை அழித்துவிடலாம். அதில் உங்கள் நிரல் எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு வேறுபாடு என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த புராஜெக்டிலும் உதவும். ஐடிஇ-க்கு உங்கள் நிரலைப் பற்றித் தானாக எதுவும் தெரியாது. மூலநிரல் எங்கே தொடங்குகிறது, எந்த நூலகங்கள் வேண்டும், எந்தப் பதிப்பு ஜாவா என்ற மூன்றையும் யாராவது சொல்ல வேண்டும். மேவன் புராஜெக்டில் அதைச் சொல்லும் இடம் பாம் கோப்பு. மூலநிரல் எஸ்ஆர்சி, மெயின், ஜாவா என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கோப்புறைகளில் இருக்கும்; சோதனைகள் எஸ்ஆர்சி, டெஸ்ட், ஜாவா என்ற வரிசையில் இருக்கும். இது மேவனின் வழக்கமான அமைப்பு, தனியாக எழுதிக்காட்டத் தேவையில்லை. நூலகங்களை மட்டும் பெயரும் பதிப்பும் கொடுத்துக் கேட்கிறோம். மேவன் அவற்றை இணையத்திலிருந்து எடுத்து, உங்கள் பயனர் கோப்புறையில் ‘.எம்2’ என்ற இடத்தில் சேர்த்து வைக்கிறது.

நீங்கள் ஒரு படி வெளியே திறந்ததால் ஐடிஇ ஜாவா கோப்புகளைக் கண்டுகொண்டது, பாமைப் படிக்கவில்லை. நண்பர் எழுதிய வகுப்புகள் ஒன்றையொன்று அறிந்திருக்கும், வெளி நூலகங்கள் மட்டும் இருக்காது. நீங்கள் சொன்ன அடையாளம் இதோடு அப்படியே பொருந்துகிறது.

புதுநிரலர்

உள்ளே இருந்ததைத் திறந்தேன். கீழே ஒரு பட்டை நெடுநேரம் ஓடியது. சிவப்பு முழுவதும் மறைந்துவிட்டது! நிரலும் ஓடுகிறது. மிக்க நன்றி.

செம்பருத்தி

இங்கே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அந்தப் பட்டை ஓடும்போது இணையம் அறுந்தால் நூலகம் பாதியில் நிற்கும். பிறகு இணையம் திரும்பினாலும் மேவன் உடனே மறுபடி முயலாது. ‘முன்பே முயன்று தோற்றேன்’ என்ற குறிப்பை, லாஸ்ட்அப்டேட்டட் என்று முடியும் ஒரு சிறு கோப்பாக ‘.எம்2’-க்குள் எழுதி வைத்திருக்கும். முனையத்தில் மேவன் கட்டளையோடு பெரிய எழுத்தில் ‘-யூ’ சேர்த்தால் மறுபடி தேடும். இது தெரியாமல் ஐடிஇ-யையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவி என்ன பயன், அந்தக் குறிப்பு ஐடிஇ-க்குள் இல்லையே.

புதுநிரலர்

ஒரு நாள் நன்றாகப் போனது. இப்போது புதிய சிக்கல். ஐடிஇ-யில் ஓடும் நிரலை முனையத்திலும் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்திலும்) ஓட்டிப் பார்க்கலாம் என்று டார்கெட் கோப்புறைக்குள் இருக்கும் கிளாஸ் கோப்பை, அதாவது மூலநிரலைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் கோப்பை, ஜாவா கட்டளையால் ஓட்டினேன். இந்த வகுப்பு புதிய ஜாவாவால் கம்பைல் செய்யப்பட்டது, அதன் கோப்புப் பதிப்பு 65.0, இங்கே 52.0 வரைதான் ஏற்கப்படும் என்று பிழை வருகிறது. 65, 52 என்று ஜாவாவில் பதிப்புகளே இல்லையே? கணினியில் நான் நிறுவியது 21 மட்டும்தான்.

வேர்முடிச்சு

அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்துப் பாருங்கள். 65-இல் 44 போனால் 21. 52-இல் 44 போனால் 8. உங்கள் கிளாஸ் கோப்பை உருவாக்கியது ஜாவா 21. முனையத்தில் அதை ஓட்ட முயன்றது 2014-இல் வந்த ஜாவா 8. ஆக, கணினியில் இரண்டு ஜாவா இருக்கின்றன. வேறு ஏதோ ஒரு மென்பொருள் தனக்காகப் பழையதை நிறுவியிருக்கும்.

ஐடிஇ அமைப்பில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் அனுபவம், ஆகவே பொறுமையாக எழுதுகிறேன். ‘என் ஜாவா’ என்று ஒன்று கிடையாது. குறைந்தது நான்கு இடங்களில் ஜாவா தேர்ந்தெடுக்கப்படுகிறது, நான்கும் நான்காக இருக்கலாம்.

இன்டெலிஜே தானே ஜாவாவில் எழுதப்பட்டது. தான் ஓடுவதற்கு ஒரு ஜாவாவைக் கூடவே கொண்டுவருகிறது. அதற்கும் உங்கள் நிரலுக்கும் சம்பந்தமில்லை, அதைத் தொடவே வேண்டாம். அடுத்தது புராஜெக்டின் எஸ்டிகே. முதல் நாள் நீங்கள் 21 என்று காட்டியது இதைத்தான். ஐடிஇ-க்குள் கம்பைல் செய்வதும் ஓட்டுவதும் வழக்கமாக இதனால் நடக்கின்றன. மூன்றாவது, மேவனோ கிரேடிலோ ஓடும் ஜாவா. முனையத்தில் மேவனைக் கூப்பிட்டால் அது ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறியை (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும், பெயரிட்ட ஒரு மதிப்பை) பார்க்கும். ஐடிஇ வழியாகக் கூப்பிட்டால், மேவன் அமைப்புகளில் ‘ரன்னர்’ என்ற பக்கத்தில் உள்ள தேர்வு செல்லும். நான்காவது, முனையத்தில் வெறுமனே ஜாவா என்று எழுதினால் வருவது. பாத் என்ற சூழல் மாறியில் எந்தக் கோப்புறை முன்னால் இருக்கிறதோ, அதிலுள்ள ஜாவா.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் எதுவென்றால், ஜாவா_ஹோமை மட்டும் 21-க்கு மாற்றிவிட்டு, ஜாவா கட்டளை இன்னும் 8 என்றே சொல்கிறதே என்று திகைப்பது. இரண்டும் வேறு வேறு மாறிகள். முனையத்தில் ‘ஜாவா -வெர்ஷன்’, ‘ஜாவாசி -வெர்ஷன்’ (ஜாவாசி என்பது கம்பைலர்), ‘எம்விஎன் -வி’ (எம்விஎன் என்பது மேவன்) மூன்றையும் கொடுத்து, வரும் விடையை இங்கே எழுதுங்கள். மூன்றாவது கட்டளை, மேவன் எந்தக் கோப்புறையின் ஜாவாவைப் பயன்படுத்துகிறது என்பதையும் காட்டும்.

புதுநிரலர்

ஜாவா 1.8.0 என்கிறது. ஜாவாசி 21 என்கிறது! எம்விஎன் என்ற கட்டளையே இல்லை என்கிறது. மேவன் இல்லாமல் இத்தனை நாள் எப்படி ஓடியது?

வேர்முடிச்சு

இன்டெலிஜே மேவனையும் தன்னோடு கொண்டுவருகிறது, அதனால்தான். முனையத்திற்கு அது தெரியாது. புராஜெக்டில் எம்விஎன்டபிள்யூ என்ற கோப்பு இருந்தால் அதை ஓட்டுங்கள், தேவையான மேவன் பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மேவனைத் தனியாக நிறுவுங்கள்.

ஜாவா 8, ஜாவாசி 21 என்று வருவதற்குக் காரணம், பழைய நிறுவி ஜாவா கட்டளையை மட்டும் கொண்ட ஒரு கோப்புறையைப் பாத்தின் தொடக்கத்தில் சேர்த்திருப்பது. ஜேடிகே 21-இன் ‘பின்’ (bin) என்ற கோப்புறையை அதற்கு முன்னால் நகர்த்துங்கள். ஜாவா_ஹோமில் அந்த ‘பின்’ கோப்புறை வரக்கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ள கோப்புறை வரவேண்டும். மாற்றிய பிறகு முனையத்தையும் ஐடிஇ-யையும் மூடித் திறங்கள். ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய மதிப்பையே வைத்திருக்கும்.

எக்லிப்ஸ்வாசி

எக்லிப்ஸில் இதே கதை வேறு முகத்தோடு வரும், வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஒரு பழைய மேவன் புராஜெக்டை உள்ளே கொண்டுவந்தேன். ஜேஆர்இ நூலகம் என்ற இடத்தில் ஜே2எஸ்இ 1.5 என்று காட்டியது. ஜாவா 8-இல்தான் வந்த லாம்டா என்ற சுருக்க எழுத்துமுறை உள்ள வரிகள் எல்லாம் பிழை. புராஜெக்டின் பண்புகளுக்குப் போய்க் கையால் 17-க்கு மாற்றினேன், சரியானது. மறுநாள் பாமில் ஒரு நூலகம் சேர்த்து மேவன் அப்டேட் கொடுத்ததும் மறுபடி 1.5. ஒரு வாரம் இப்படி மாற்றுவதும் அது திரும்புவதுமாகவே போனது.

காரணம் பாமில் ஜாவா பதிப்பே எழுதப்படவில்லை. அப்படி இல்லாதபோது மேவனின் கம்பைலர் செருகுநிரல் தன் இயல்பான மதிப்பை எடுத்துக்கொள்கிறது; அதன் பழைய பதிப்புகளில் அது 1.5. எக்லிப்ஸ் பாமை உண்மை என்று நம்பி என் திருத்தத்தை அழித்தது. அது செய்தது சரி, நான் திருத்திய இடம்தான் தவறு. பாமின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘மேவன்.கம்பைலர்.ரிலீஸ்’ என்று எழுதி 17 கொடுத்த அன்றோடு தொல்லை ஒழிந்தது.

வேர்முடிச்சு

மிகச் சரி. ரிலீஸ் என்பதை எழுதியது இன்னும் நல்லது. பழைய பாம்களில் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை இலக்கணத்தையும் கிளாஸ் கோப்பின் பதிப்பையும் மட்டும் கட்டுப்படுத்தும். ஜேடிகே 21-ஐ வைத்துக்கொண்டு இரண்டிலும் 8 என்று எழுதினால், ஜாவா 11-இல்தான் வந்த இஸ்பிளாங்க் மெத்தடை அழைத்தாலும் கம்பைலர் ஒப்புக்கொள்ளும். ஜாவா 8-இல் ஓட்டும்போதுதான் அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று விழும். ரிலீஸ் 8 என்று எழுதினால் கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும். கம்பைலரில் இந்த வசதி ஜாவா 9 முதல் இருக்கிறது.

நேர்வழி

வந்தவரை மலைக்க வைக்கிறோமோ என்று தோன்றுகிறது. ஒரு சிறு நிரலுக்கு மேவன் எதற்கு, ஐடிஇ எதற்கு? ஜாவா 11 முதல் ஒற்றைக் கோப்பை ஜாவா கட்டளையாலேயே நேரடியாக ஓட்டலாம். ஜாவா 25-இல் வகுப்பு அறிவிப்புகூட இல்லாமல் மெயினை மட்டும் எழுதினால் போதும். முதலில் எளிய உரைத்திருத்தியும் முனையமுமாக ஒரு மாதம் எழுதட்டும். கம்பைலர் எது, கிளாஸ்பாத் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) எது என்று கை அறிந்த பிறகு ஐடிஇ-க்கு வந்தால் இந்தக் கேள்விகளே எழாது. நான் கற்பித்த மாணவர்களுக்கு இதையே சொல்லி வந்திருக்கிறேன், பலன் தந்திருக்கிறது.

செம்பருத்தி

கற்கத் தொடங்குகிறவருக்கு நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இவர் கையில் இருப்பது பத்துக்கும் மேல் நூலகங்கள் கொண்ட, பிறர் எழுதிய நிரல். அதன் கிளாஸ்பாத்தைக் கையால் எழுதச் சொன்னால் இரண்டு மாலைகள் இரண்டு வாரங்களாகும். பிறர் நிரலைப் படிக்கும்போது ஒரு மெத்தட் எங்கிருந்தெல்லாம் அழைக்கப்படுகிறது என்று ஒரு சொடுக்கில் காட்டுவது ஐடிஇ-தான். அந்த உதவியை இவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேர்வழி

பறிக்கச் சொல்லவில்லை. ஐடிஇ-யில் பச்சை முக்கோணத்தை அழுத்தினால் ஓடுகிறது என்பதோடு நின்றுவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன். தினம் ஒருமுறையாவது முனையத்தில் மேவன் கட்டளையால் முழுதும் கட்டி (பில்ட் செய்து) பார்க்கட்டும். அங்கே கட்ட முடியாத புராஜெக்ட், ஐடிஇ-யில் ஓடினாலும் சரியாக அமைக்கப்பட்டதாக நான் கொள்ளமாட்டேன்.

வேர்முடிச்சு

இதில் நேர்வழியோடு முழு உடன்பாடு. இதனால்தான் ஜார் கோப்பை (ஒரு நூலகத்தின் வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்பை) கையால் சேர்க்காதீர்கள் என்றும் சொல்கிறேன். ஐடிஇ-யின் நூலகப் பக்கத்தில் ஒரு ஜாரைக் காட்டினால் அந்த நொடியே சிவப்பு மறையும், அது பெரிய ஆசை. நான் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அணியில் அப்படிச் சேர்த்து, ‘என் கணினியில் ஓடுகிறது’ என்று மூன்று நாள் வாதாடியிருக்கிறேன். அந்த ஜாரின் பாதை என் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. உடன் வேலை செய்தவர்கள் என்னால் இழந்த நேரத்தை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். மேவன் புராஜெக்டை மறுபடி ஏற்றும்போது கையால் சேர்த்தது காணாமலும் போகும். நூலகம் வேண்டுமா, பாமில் எழுதுங்கள்.

புதுநிரலர்

பாத்தைச் சரிசெய்தேன், மேவன் நிறுவினேன். மூன்று கட்டளைகளும் 21 என்கின்றன, முனையத்தில் கட்டவும் முடிகிறது. ஆனால் அங்கே நிரலை ஓட்டினால் புத்தகப் பெயர்கள் தமிழில் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். ஐடிஇ-யில் தமிழ் சரியாக வருகிறது. இன்னொன்று, புத்தகப் பட்டியல் கோப்பு காணவில்லை என்று சில நேரம் சொல்கிறது. அந்தக் கோப்பு இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

யூனிகோட்பித்தன்

தமிழ் எழுத்துகளைப் பற்றி நான் சொல்கிறேன். என்ன தெரிகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்து சரியாக வந்திருக்கிறது, எழுத்துரு இல்லை. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8-இல் எழுதியதை வேறு குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாக மாற்றும் முறையில்) யாரோ படிக்கிறார்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் அங்கே மூன்று பைட்டுகள், அதனால் ஒன்று மூன்றாகப் பெருகித் தெரியும். கேள்விக்குறி வந்தால் எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது: எழுதும் இடத்தின் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லை.

உங்களுடையது மூன்றாவது வகை. ஜாவா 18 முதல் இயல்பான குறியாக்கம் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8. ஆகவே 21-இல் கோப்பு படிப்பதும் கம்பைல் செய்வதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் திரையில் அச்சிடும் சிஸ்டம்.அவுட் மட்டும் முனையத்தின் குறியாக்கத்தைப் பின்பற்றுகிறது. விண்டோஸ் என்றால் முனையத்தில் ‘சிஎச்சிபி 65001’ என்று கொடுத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜாவா கட்டளையில் ‘-டிஎஸ்டிடிஅவுட்.என்கோடிங்’ என்பதற்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள்.

பாமில் ‘புராஜெக்ட்.பில்ட்.சோர்ஸ்என்கோடிங்’ யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் நாளை யாராவது யூடிஎஃப்-8 இயல்பாக இல்லாத கணினியில் ஜாவா 17-ஆல் கட்டினால், கிளாஸ் கோப்புக்குள்ளேயே தமிழ் சிதைந்துவிடும். நிரலில் தமிழ் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை மறக்கக்கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். சிதைந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ‘தமிழ் ஜாவாவில் வராது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும், அழகாக வரும்.

எக்லிப்ஸ்வாசி

கோப்பு காணவில்லை என்பதற்கு: வெறும் கோப்புப்பெயரை எழுதினால் ஜாவா அதை நடப்புக் கோப்புறையில் தேடும், கிளாஸ் கோப்பின் பக்கத்தில் தேடாது. ஐடிஇ-யில் நடப்புக் கோப்புறை வழக்கமாகப் புராஜெக்டின் வேர். முனையத்தில் நீங்கள் எங்கே நின்று கட்டளை கொடுத்தீர்களோ அதுதான். சந்தேகமென்றால் ‘யூசர்.டிஐஆர்’ என்ற சிஸ்டம் பண்பை அச்சிட்டுப் பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடும். நிரலோடு சேர்ந்தே போகவேண்டிய, மாறாத பட்டியல் என்றால் எஸ்ஆர்சி, மெயின், ரிசோர்சஸ் கோப்புறையில் வைத்து, கெட்ரிசோர்ஸ்அஸ்ஸ்ட்ரீம் வழியாகப் படியுங்கள். நிரல் எழுதிச் சேமிக்கும் கோப்பு என்றால் அது உதவாது, பாதையைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

புதுநிரலர்

65001 கொடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. பட்டியல் கோப்பையும் ரிசோர்சஸுக்கு மாற்றினேன். கிட் என்ற, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியில் சேர்க்கப் போகிறேன், ‘.ஐடியா’, டார்கெட் இரண்டையும் சேர்க்கலாமா?

செம்பருத்தி

டார்கெட் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவது. ‘.ஐடியா’ பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. நிரல் வடிவமைப்பு விதிகளை அணி முழுவதும் பகிர விரும்புகிறவர்கள் அதில் சில கோப்புகளை மட்டும் சேர்ப்பார்கள். ஆனால் உங்கள் திறந்த சாளரங்களை நினைவில் வைக்கும் ஒர்க்ஸ்பேஸ் கோப்பை யாரும் சேர்ப்பதில்லை. நீங்கள் ஒருவர்தான் என்பதால் முழுவதையும் விலக்கிவிடுங்கள். பாம் இருந்தால் ஐடிஇ எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

புதுநிரலர்

கடைசியாக ஒன்று. நேர்வழி சொன்னபடி முனையத்தில் தினம் கட்டுகிறேன். ஐடிஇ-யில் நண்பர் எழுதிய நான்கு சோதனைகளும் பச்சையாக ஓடுகின்றன. மேவனோ ஒரு சோதனையையும் ஓட்டாமலே வெற்றி என்கிறது.

வேர்முடிச்சு

சோதனை வகுப்பின் பெயர் என்ன?

புதுநிரலர்

புக்செக்.

வேர்முடிச்சு

அதுதான் காரணம். ஐடிஇ சோதனைக் குறியிட்ட மெத்தடைக் கண்டாலே ஓட்டும். மேவனின் ஷுயர்ஃபயர் செருகுநிரல் முதலில் கோப்பின் பெயரைப் பார்க்கிறது: டெஸ்ட் என்று தொடங்க வேண்டும், அல்லது டெஸ்ட், டெஸ்ட்ஸ், டெஸ்ட்கேஸ் என்று முடிய வேண்டும். புக்டெஸ்ட் என்று பெயர் மாற்றுங்கள். ஐடிஇ-யின் பெயர்மாற்றும் வசதியால் மாற்றினால் கோப்பின் பெயரும் கூடவே மாறும்.

புதுநிரலர்

மாற்றினேன். நான்கு ஓடின, ஒன்று தோற்றது. முனையத்தில் மட்டும் தோற்கிறது. தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் சோதனை அது. இன்று மாலை பாமையும் பிழைச் செய்தியையும் இங்கே இடுகிறேன்.

யூனிகோட்பித்தன்

இடுங்கள், காத்திருக்கிறேன். அதற்குள், அந்தச் சோதனை மொழியின் வரிசைப்படி ஒப்பிடும் கொலேட்டரைப் பயன்படுத்துகிறதா, எழுத்துகளின் குறியீட்டு எண்களை மட்டும் ஒப்பிடும் கம்பேர்டூவா என்று பாருங்கள். கொலேட்டர் என்றால், லொகேலை (மொழி, நாட்டு அமைப்பை) வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறதா, கணினியின் இயல்பை நம்பியிருக்கிறதா என்பதையும் குறித்து வாருங்கள்.